மாடியா, கீழா

முதலில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கூட்டம் நடந்தது தலைமையாசிரியையின் அறையில், கடைசி மணி அடித்த பிறகு. அவர் தம் மேசைக்குப் பின்னால், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் கணித ஆசிரியர், இடப்பக்கம் ஆங்கில ஆசிரியை. நடுவில் அவ்வளவு பெரிய மேசை இருந்தும் போதாதென்று இருவரும் நாற்காலியை இன்னும் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். எதிரே இருந்த பெஞ்சில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியும் அவள் அம்மாவும். அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர். சீருடை மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் நேராக வந்திருந்தார். கதவோரம் மடக்கு நாற்காலியில், பெற்றோர் சங்கத்தின் சார்பில், மருந்துக்கடைக்காரர். அவருடைய பையனும் ஒன்பதாம் வகுப்புதான். அலமாரிக்குப் பக்கத்தில் கணினியின் முன்னால் நான், பள்ளியின் எழுத்தர். கூட்டம் முடிந்த கையோடு தேர்வு வாரியத்துக்கு ஒரு கடிதம் போயாக வேண்டும் என்பதால் என்னையும் இருக்கச் சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கடிதம் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாரியம் கணிதத்தில் இரண்டு வகைத் தாள் வைத்திருக்கிறது. ஒன்று விரிவுக் கணிதம், மற்றது எளிய கணிதம். ஆங்கிலத்துக்கு எல்லாருக்கும் ஒரே தாள். விரிவுக் கணிதம் எழுதியவர்களை மட்டுமே தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்த்துக்கொள்வார்கள். ஒன்பதாம் வகுப்பில் யார் யார் விரிவுக் கணிதம் படிக்கிறார்கள் என்பதைப் பள்ளி எழுதி அனுப்ப வேண்டும். அதற்குக் கடைசி நாள் அன்றுதான். அன்றைய தேதி முத்திரை விழாத கடிதத்தை வாரியம் பிரித்துக்கூடப் பார்க்காது. தபால் நிலையத்தில் கடைசிப் பையை மாலை கட்டிவிடுவார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் அந்தக் கடிதத்தில் இருக்குமா, இருக்காதா என்பதைத் தீர்மானிக்கத்தான் நாங்கள் கூடியிருந்தோம்.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டு பிரிவு. ஆங்கிலம், கணிதம் இரண்டின் மதிப்பெண்ணையும் கூட்டி, மேலே வருகிறவர்களை மாடி அறையிலும் மற்றவர்களைக் கீழ் அறையிலும் உட்கார வைப்பது வழக்கம். மாடியில் இருப்பவர்களுக்கு விரிவுக் கணிதம், கீழே எளிய கணிதம். "உங்க பிள்ளை மாடியா, கீழா?" என்பது ஊரில் நலம் விசாரிப்பதுபோல் ஆகிவிட்டிருந்தது. பிறந்தநாள் வீட்டில் கேட்பார்கள், மருத்துவரின் காத்திருப்பு அறையில் கேட்பார்கள். கீழ் என்று சொல்ல நேர்ந்தவர்கள் உடனே பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார்கள்.

இரண்டு அறைக்கும் ஆசிரியர்கள் அதே இருவர்தான். மூன்றாவது பீரியடில் மாடியில் ஆங்கிலம், கீழே கணிதம். மணி அடித்ததும் இடம் மாறுவார்கள். ஆங்கில ஆசிரியை இறங்குவார், கணித ஆசிரியர் ஏறுவார், நாலாவது பீரியட் தொடங்கும். படிக்கட்டின் நடுத்தளத்தில் இருவரும் எதிர்ப்படும்போது தலையை அசைத்துக்கொள்வதோடு சரி. பிள்ளைகள் கணித ஆசிரியரை 'ஆகவே சார்' என்பார்கள். கரும்பலகையில் எந்த வரியை முடித்தாலும் ஆகவே என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். ஆங்கில ஆசிரியையை, 'ஃபுல்ஸ்டாப் மிஸ்'. பேசுவதை நிறுத்தினால் அதற்குப் பிறகு யாரும் பேச முடியாது.

"முதல்ல எனக்கு ஒண்ணு தெரியணும்," என்று தலைமையாசிரியை ஆரம்பித்தார். "இந்தப் பொண்ணு ஒரு மாசத்துக்கு மேலா எங்கே இருந்துச்சு?"

"என் வருகைப் பதிவேட்டுல ஆப்சென்ட்," என்றார் ஆங்கில ஆசிரியை. "உடம்பு சரியில்லையோன்னு நெனச்சு வீட்டுக்கே சொல்லி அனுப்பினேன்."

"எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலைங்க," என்றார் அம்மா. "தினமும் எனக்கு முன்னாடி கிளம்பிடுறா. சாயந்திரம் கையெல்லாம் சாக்பீஸோட வர்றா. பள்ளிக்கூடத்துக்கு வரலைன்னு சொல்லி ஆள் வந்தா நான் என்னன்னு நினைக்கிறது? ஒரு ராத்திரி பூரா இவளைக் கேள்வி கேட்டே கொன்னுட்டேன்."

கணித ஆசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"என் வகுப்புல இருந்தா."

"கீழயா?"

"மாடியில."

அவர் மென்று விழுங்கி மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். கீழ் வகுப்பில் எளிய கணக்குகளை இந்தப் பெண் வேகமாக முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். பிள்ளைகள் அவளைக் 'கணக்குப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாள் அவர் மறந்து மேசையில் விட்டுப்போன விரிவுக் கணிதப் புத்தகத்தைப் பிரித்து, பாதி அத்தியாயத்தைத் தானாகவே போட்டு வைத்திருந்தாள். ஒன்றிரண்டு தவறு இருந்தது. ஆனால் அந்தத் தவறுகள் மாடியில் யாருக்கும் செய்யத் தெரியாத தவறுகள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் தன் பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததைச் சொல்லும் தகப்பனுடையதுபோல் இருந்தது.

"ஆகவே, நாலாவது பீரியட்ல மேல வந்துடுன்னு சொல்லிட்டேன்."

"நாலாவது பீரியட்ல கீழ நான் இங்கிலீஷ் எடுக்கறேன்," என்றார் ஆங்கில ஆசிரியை.

"தெரியும். அதனாலதான் மூணாவது பீரியட்ல மாடியில உங்க இங்கிலீஷ்ல உட்காரச் சொன்னேன்."

"யாரைக் கேட்டு?"

"உங்ககிட்ட சொல்லிடலாம்னுதான் இருந்தேன்."

"எப்போ?"

"படியில பார்க்கும்போது. ஆனா நீங்க இறங்குற வேகத்துக்கு..."

"ஒரு மாசமா தினமும் பார்க்கறீங்க சார். நான் என்ன பேயா, பிசாசா?"

மருந்துக்கடைக்காரர் கைக்குட்டையால் வாயைத் துடைப்பதுபோல் சிரிப்பைத் துடைத்துக்கொண்டார். கணித ஆசிரியர் மேசைமேல் இருந்த காகித எடையை உருட்ட ஆரம்பித்தார். பயந்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

"சரி, நீ மாடிக்குப் போனியா?" என்று தலைமையாசிரியை பெண்ணைக் கேட்டார்.

"முதல் நாள் போனேன் மேடம். வாசல்ல நின்னேன். மிஸ் வாசிச்சிக்கிட்டே கையை இப்படிக் காட்டினாங்க." புறங்கையால் காற்றைத் தள்ளிக் காட்டினாள். "அப்புறம் வான்னு."

"ஐயோ," என்றார் ஆங்கில ஆசிரியை. "சாக்பீஸ் கேட்டு வந்தியோன்னு நெனச்சேன்டி."

"அப்புறம் போகலை. கீழயும் போக முடியலை. அங்க சார் என்னை வரவேணாம்னுட்டாங்க. படிக்கட்டு நடுவுல பழைய கரும்பலகை சாத்தி வெச்சிருக்குல்ல, அதுக்குப் பின்னால உட்கார்ந்துடுவேன். மணி அடிச்சதும் மேல போய்டுவேன்."

அங்கேதான் முந்தின நாள் விளையாட்டு ஆசிரியர் அவளைக் கண்டுபிடித்தார். கைப்பந்து வலையைத் தேடிப் போனவர் கரும்பலகையை நகர்த்தினால், பின்னால் ஒரு பெண் ஆங்கிலப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வலை இன்னும் கிடைக்கவில்லை.

"ஒரு மாசமா பொண்ணு படியில உட்கார்ந்திருக்கு," என்றார் அம்மா. குரல் உயரவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் துணி பிழிவதுபோல் பிழிந்தார். "நீங்க ரெண்டு பேரும் அந்தப் படியில ஏறி இறங்கியிருக்கீங்க. நல்லா இருக்குங்க."

தலைமையாசிரியை என்னிடம் திரும்பி, "மணி என்ன?" என்றார். சொன்னேன். "நடந்தது நடந்துபோச்சு. இப்போ முடிவு பண்ணணும். இவ பேரை எழுதறதா, வேணாமா?"

"எழுதணும்," என்றார் கணித ஆசிரியர்.

"எழுதக் கூடாது," என்றார் ஆங்கில ஆசிரியை. பிறகு கொஞ்சம் தணிந்து, பெண்ணின் பக்கம் திரும்பினார். "உன்மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா மாடியில கணக்கு வேணும்னா மாடியில இங்கிலீஷும் வரணும். போன தேர்வுல நீ எவ்வளவு வாங்கினேன்னு உனக்கே தெரியும். மாடியில நான் ஒரு வார்த்தை தமிழ் பேசமாட்டேன். உன்னை அங்க உட்கார வெச்சா நீ நாற்காலி, மேசை மாதிரி உட்கார்ந்திருப்பே. இங்கிலீஷ்ல தோத்தா விரிவுக் கணிதம் எழுதி என்ன பிரயோஜனம்? கல்லூரியில ரெண்டும் கேப்பாங்க."

அவர் சொன்னதில் தவறு இல்லை என்பதுதான் சங்கடம். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து பாலம் கட்டப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதை அம்மாதான் எடுத்துச் சொன்னார். "ஆத்தைத் தாண்டி வேலைக்குப் போறேங்க நான். லீவுல என்கூட வர்றப்பல்லாம் பாலத்துல நின்னு கீழ எட்டிப் பார்த்துட்டு, இதை எப்படி நிக்க வெச்சாங்கன்னு கேப்பா. எனக்கென்ன தெரியும்? நிக்குதுடி, நட, நேரமாச்சும்பேன்."

"கணக்கு மட்டும் மாடி, இங்கிலீஷ் மட்டும் கீழன்னு வெச்சா என்ன?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

கணித ஆசிரியர் எழுந்து, சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் நான்கு கட்டம் போட்டார். மேலே இரண்டு, கீழே இரண்டு.

"மாடியில கணக்கு நடக்கிறது நாலாவது பீரியட். கீழ இங்கிலீஷ் நடக்கிறதும் நாலாவது பீரியட். ஒரே ஆள் ரெண்டு இடத்துல உட்கார முடியாது. பீரியடை மாத்திப் போட்டாலும் இதே கதைதான், ஏன்னா ஆள் நாங்க ரெண்டே பேர். ஒருத்தர் மேல இருந்தா இன்னொருத்தர் கீழ. ஆகவே..."

"ஆகவே படிக்கட்டு," என்றார் ஆங்கில ஆசிரியை.

இம்முறை மருந்துக்கடைக்காரர் வெளிப்படையாகவே சிரித்துவிட்டார். தலைமையாசிரியை அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது. தலைமையாசிரியை எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான்கு கட்டத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மார்க்கையும் கூட்டி ஏன் பிரிக்கறோம்?" என்றார். "யார் ஆரம்பிச்சது?"

யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அப்படித்தான் இருந்தது.

"கூட்டாம, ஒண்ணை வெச்சு மட்டும் பிரிச்சா?"

கணித ஆசிரியர் பலகையில் இருந்ததை அழித்துவிட்டு மறுபடி போட்டார். இந்தத் தடவை மெதுவாகப் போட்டார். "இங்கிலீஷை வெச்சுப் பிரிச்சா, கணக்கு வகுப்பு கலந்துடும். விரிவுக் கணிதமும் எளிய கணிதமும் வேற வேற பாடம், வேற வேற தாள். ஒரே அறையில ரெண்டையும் நடத்த முடியாது. கணக்கை வெச்சுப் பிரிச்சா, இங்கிலீஷ் கலந்துடும். ஆனா இங்கிலீஷ் எல்லாருக்கும் ஒரே தாள், ஒரே புத்தகம். ஆகவே..."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். எல்லாரும் ஆங்கில ஆசிரியையைப் பார்த்தோம்.

"ஆகவே என் தலையில," என்றார் அவர்.

"நான் அப்படிச் சொல்லலை."

"பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னைப் பார்த்தா வேற என்ன அர்த்தம்? சார், உங்களுக்குச் சுலபம். உங்க வகுப்பு நீங்க கேட்ட மாதிரி பிரிஞ்சிடும். என் வகுப்புல ஒருத்தன் செய்தித்தாள் படிப்பான், பக்கத்துல இருக்கிறவன் எழுத்துக் கூட்டுவான். நான் யாருக்காகப் பேசுறது? மேல இருக்கிறதுங்க தூங்கும், கீழ இருக்கிறதுங்க முழிக்கும். மாவட்டப் பேச்சுப் போட்டியில நம்ம பள்ளிக்கூடம் ஜெயிக்குதுன்னா அந்த மாடி வகுப்பாலதான். அதை ஒரு பொண்ணுக்காக நான் கலைக்கணுமா?"

"ஒரு பொண்ணு இல்லை," என்றார் கணித ஆசிரியர். "கணக்குல நல்லா இருந்தும் கீழ உட்கார்ந்திருக்கிறது இன்னும் நாலஞ்சு பேர் இருக்காங்க. மாடியில கணக்கு ஓடாம முழிக்கிறவங்களும் இருக்காங்க." சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தார்.

"ஏன் என்னைப் பாக்கறீங்க?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அப்புறம் சொல்றேன்."

தலைமையாசிரியை ஆங்கில ஆசிரியையைக் கட்டாயப்படுத்தவில்லை. உத்தரவு போட்டிருக்கலாம். ஆனால் வகுப்புக்குள் போய்ப் பேசப்போகிறவர் தாமல்ல என்று அவருக்குத் தெரியும். நாற்காலியில் வந்து உட்கார்ந்து, பேனாவை எடுத்தார், வைத்தார். நான் கடிதத்தின் மேல்பகுதியைத் தட்டி முடித்திருந்தேன். பெயர்களும் வந்துவிட்டன. கடைசி வரிக்குக் கீழே கர்சர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

ஆங்கில ஆசிரியை கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அவர் பெண்ணைப் பார்த்து, சற்று எரிச்சலாகவே கேட்டார்.

"ஒரு மாசமா அங்க உட்கார்ந்து என்னடி பண்ணினே?"

"கேட்டுக்கிட்டிருந்தேன் மிஸ்."

"எதை?"

"உங்களைத்தான். மாடி ஜன்னல் படிக்கட்டுப் பக்கம் திறந்திருக்கும். நல்லா கேக்கும்."

"புரிஞ்சுதா?"

"முதல்ல புரியலை. புத்தகத்தைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு நீங்க வாசிக்க வாசிக்க விரலை நகர்த்துவேன். சில நாள் விரல் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் இருப்பீங்க. அந்த ஏணிக் கதை வந்தப்போ விரல் கூடவே வந்துச்சு."

ஏணிக் கதை என்பது ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் ஒரு சின்னக் கதை. கேட்காதவர்களுக்காக அவளையே சொல்லச் சொன்னார் தலைமையாசிரியை. அவள் தமிழில் சொன்னாள். ஒருவன் வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்குச் சாயம் பூசுவான். அதற்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏணி இரவல் வாங்குவான். ஒரு வருடம் அவனே சொந்தமாக ஏணி வாங்கிவிடுகிறான். இனி உங்களுக்குத் தொந்தரவு இல்லை என்று சந்தோஷமாகப் போய்ச் சொல்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிறார். அதோடு கதை முடிந்துவிடும்.

"நீங்க அன்னிக்கு மாடியில ஒரு கேள்வி கேட்டீங்க மிஸ். அவர் ஏன் கதவைச் சாத்தினார்னு."

"ஆமா."

"ஒருத்தன் பொறாமைன்னான். ஒருத்தி, புது ஏணி இவரோடதைவிடப் பெருசா இருந்திருக்கும்னா. நீங்க இல்லை, இல்லைன்னே சொன்னீங்க. அப்புறம் மணி அடிச்சுடுச்சு. மறுநாள் வேற பாடம் போயிட்டீங்க."

"உனக்கு என்ன தோணிச்சு?"

பெண் அம்மாவைப் பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் பெஞ்சின் நுனியைப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் சொன்னாள். தட்டுத் தடுமாறித்தான் சொன்னாள். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி போய்த் திரும்பலாம். ஏணி கேட்க வரும்போதுதான் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வார்கள், இனிமேல் பேசுவதற்கு ஒன்றும் இல்லை, அதனால் சாத்திவிட்டார் என்பது அவள் சொன்னதன் சாரம். இலக்கணம் அங்கங்கே நொண்டியது. ஆனால் சொல்லி முடித்தாள்.

ஆங்கில ஆசிரியை கைப்பையின் பட்டையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றியதைப் பிரித்தார்.

"இதை ஏன் அப்பவே உள்ள வந்து சொல்லலை?"

"நான் படியில இருந்தேன் மிஸ்."

"கீழ் வகுப்புல இதே கதையை எடுத்தேன்," என்று ஆங்கில ஆசிரியை தலைமையாசிரியையிடம் சொன்னார். "எடுத்தேன்னு சொல்லக் கூடாது. கேள்வி பதில் கரும்பலகையில எழுதிப் போட்டேன், பிள்ளைங்க எழுதிக்கிச்சுங்க. வாசிக்கலை. இந்தக் கேள்வியைக் கேக்கவும் இல்லை. இதுங்களுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

"நானும் கீழ விடையை முதல்ல சொல்லிட்டுத்தான் கணக்கே போடுவேன்," என்றார் கணித ஆசிரியர் மெல்ல. "நேரம் மிச்சமாகும்னு."

"உங்களை யாரும் கேக்கலை சார்."

"சும்மா, கூட்டாளியா இருக்கட்டுமேன்னு சொன்னேன்."

நான் வேலைக்குச் சேர்ந்த இந்த இரண்டு வருடத்தில் அவர்கள் இருவரும் இவ்வளவு நீளமாகப் பேசி நான் பார்த்ததில்லை. ஆங்கில ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை மறைக்க ஜன்னலைப் பார்த்தார். மைதானத்தில் விளையாட்டு ஆசிரியர் வலை இல்லாமலேயே பிள்ளைகளைக் கைப்பந்து ஆட விட்டிருந்தார். நடுவில் யாரோ இரண்டு புத்தகப்பையை எல்லையாக வைத்திருந்தார்கள்.

"சரி. கலந்தே எடுக்கறேன்," என்றார். "ஆனா சும்மா இல்லை. கலந்த வகுப்புக்கு எனக்கு வாரத்துல ஒரு பீரியட் கூட வேணும். வாசிக்கறதுக்கு மட்டும், ரெண்டு பிரிவையும் ஒண்ணா உட்கார வெச்சு. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் கணக்குன்னு இருக்கே, அது."

கணித ஆசிரியரின் முகம் ரேஷன் கடையில் முன்னால் நின்றவன் கடைசிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்தவர் முகமாயிற்று. "டீச்சர், அது என் மீள்பார்வை பீரியட்."

"அன்னிக்கு உங்க பாதி வகுப்பு தூங்குது. படிக்கட்டுல வரும்போது குறட்டை கேக்குது."

"தூங்கினாலும் கணக்கு உள்ள போகும்."

"சார்," என்றார் தலைமையாசிரியை.

"எடுத்துக்கங்க," என்றார் கணித ஆசிரியர். "ஆனா பெருக்கல் வாய்ப்பாட்டைப் பாட்டா பாட வெச்சுடாதீங்க."

அப்போதுதான் மருந்துக்கடைக்காரர் மடக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "ஒரு நிமிஷம். எல்லாரும் கூடி முடிவு பண்ணிட்டீங்க. கணக்கை வெச்சுப் பிரிச்சா யாரெல்லாம் கீழ வருவாங்க? என் பையன் எங்கே?"

கணித ஆசிரியர் தயங்கினார். "உங்க பையன் இங்கிலீஷ்ல நம்பர் ஒண்ணு. மேடை ஏறினா இறங்கமாட்டான். ஆனா கணக்கு..."

"கீழயா?"

"எளிய கணிதம் அவனுக்கு நல்லது."

"என் பையன் மாடியிலிருந்து இறங்கறதா? கடைக்கு வர்றவங்க எல்லாம் கேப்பாங்க. இருமல் மருந்து வாங்க வர்றவன்கூட, என்னங்க பையன் கீழ வந்துட்டானாமேன்னு கேட்டுட்டுத்தான் காசு எடுப்பான்."

"தினமும் நாலாவது பீரியட்ல அவனுக்குத் தலைவலி வருது," என்றார் கணித ஆசிரியர். "என் பீரியட் முடிஞ்சதும் போயிடும். நீங்க மாத்திரை குடுத்து அனுப்பறீங்க, சட்டைப் பையில பார்த்தேன். மருந்து கடையில நிறைய இருக்கலாம். அவனுக்கு வேண்டியது அது இல்லை."

மருந்துக்கடைக்காரருக்கு அந்தத் தலைவலியைப் பற்றி எங்களைவிட நன்றாகத் தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் தன் ஸ்கூட்டர் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் அம்மாவும் இதைத்தான் சொல்றா," என்றார் கடைசியில். "சரி, எளிய கணிதம் எழுதட்டும். ஆனா மாடி, கீழன்னு பேர் இருக்கிற வரைக்கும் ஊர் வாயை மூட முடியாது. ஒண்ணு பண்ணுங்க. வாரத்துக்கு வாரம் அறையை மாத்துங்க. இந்த வாரம் இவங்க மேல, அடுத்த வாரம் அவங்க மேல. அப்போ எவனாவது என்கிட்ட மாடியா கீழான்னு கேட்டா, எந்த வாரத்தைக் கேக்கறீங்கன்னு நானே திருப்பிக் கேப்பேன்."

தலைமையாசிரியை சிரித்தே விட்டார். "இதை ஏன் நாங்க யாரும் யோசிக்கலை?"

"நீங்க கடை வெச்சு நடத்தலையே மேடம்."

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அஞ்சல் நேரத்துக்குக் கொஞ்சமே மிச்சம் இருந்தது. தலைமையாசிரியை சொல்லச் சொல்ல நான் தட்டினேன். இந்த மாதத்திலிருந்து பள்ளியில் பிரிவுகள் கணித அடிப்படையில் மட்டும் அமைக்கப்படுகின்றன, கீழ்க்கண்ட மாணவர்கள் விரிவுக் கணிதம் படிக்கிறார்கள். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தோம். கணித ஆசிரியர் சொன்ன மற்ற நாலைந்து பேரையும் சேர்த்தோம். அவர்களுக்கு விஷயமே தெரியாது, அந்நேரம் எங்கேயோ பந்து விளையாடிக்கொண்டிருந்திருப்பார்கள். தன் பையன் பெயரை நான் எடுக்கும்போது மருந்துக்கடைக்காரர் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டார். திறந்ததும், "எடுத்தாச்சா? ம்," என்றார்.

கடைசியில் அந்தப் பெண்ணின் பெயர் வந்தது. ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்ததால் எழுத்துகளைச் சொல்லும்படி அவளையே கேட்டேன். எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொன்றாகச் சொன்னாள். அம்மாவும் வந்து எட்டிப் பார்த்தார். திரையில் இருந்ததை அவர் படித்தாரா, வெறுமனே பார்த்தாரா தெரியாது. "இதுவா?" என்று விரலால் தொட்டுக் கேட்டார். "இதுதாம்மா," என்றாள். திரையில் விரல் பட்ட இடத்தில் ஈரம் கொஞ்ச நேரம் இருந்தது.

"விரிவுக் கணிதம்னா விளையாட்டு இல்லை," என்று கணித ஆசிரியர் அவளிடம் சொன்னார். "நாளையிலேர்ந்து வீட்டுக்கணக்கு இரண்டு மடங்கு."

"வெள்ளிக்கிழமை வாசிக்கிற முதல் ஆள் இவதான்," என்றார் ஆங்கில ஆசிரியை. "மேசைக்குப் பக்கத்துல நின்னு, சத்தமா."

"சத்தமாவா மிஸ்?"

"கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்."

அவள் பயந்தது தெரிந்தது. ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

அச்சு இயந்திரம் முதலில் தாளைக் கடித்துக்கொண்டது. நான் மெல்ல இழுத்தெடுத்து இன்னொரு தாள் வைத்தேன். தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டார். பள்ளி முத்திரையை எடுத்து மையில் அழுத்தி ஓரத்தில் குத்தினேன். கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் போட்டேன். ஒட்டுப்பசை காய்ந்துபோயிருந்தது. அம்மா மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பசைக்குழாயை எடுத்து நீட்டினார். "துணிக்கெல்லாம் எண் அட்டை ஒட்டுவோம்," என்றார். நன்றாகவே பிடித்தது.

"நடந்து போனா பை கட்டிடுவாங்க," என்றார் மருந்துக்கடைக்காரர். "ஏறுங்க, நான் விடறேன்."

ஸ்கூட்டரின் பின்னால் உறையை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்தேன். வளைவுகளில் அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. வழியில் ஒரே ஒரு முறைதான் பேசினார். "பையன்கிட்ட நான் எப்படிச் சொல்றது?" என்று கேட்டார். நாளைக்கு அவனுக்குத் தலைவலி வராது என்று சொல்லுங்கள் என்றேன். காற்றில் அவருக்குக் கேட்டதோ இல்லையோ, தலையை ஆட்டினார்.

தபால் நிலையத்தில் பையின் வாயைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார்கள். சாளரத்துக்குப் பின்னால் இருந்தவர் எடை பார்த்து, தபால்தலை ஒட்டி, "பதிவுத் தபாலா?" என்றார். ஆம் என்றேன். ரசீதில் முகவரியை எழுதிக்கொண்டே, "பள்ளிக்கூடத்துக்காரங்க எப்பவும் கடைசி நிமிஷம்தான்," என்று முணுமுணுத்தார். பிறகு தேதி முத்திரையை உறையின் மேல் ஓங்கிக் குத்தி, பையின் வாயைக் கொஞ்சம் தளர்த்தி உள்ளே போட்டு, கயிற்றை மறுபடி இறுக்கி அரக்கு வைத்தார். வாசலில் நின்றிருந்த வண்டிக்குப் பை போயிற்று.